குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டால்: ஒப்புக்கொள்வதா, வழக்காடுவதா?

பிடிபட்டவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: "பத்தாயிரத்தைக் கட்டிவிட்டால் முடிந்துவிடும் அல்லவா?" பணத்தைப் பொறுத்தவரை முடிந்துவிடும். ஆனால் அந்தப் பணத்துக்கு நீதிமன்றம் கொடுக்கும் ரசீதுக்குப் பின்னால் ஒரு தண்டனைப் பதிவு இருக்கிறது. அடுத்த முறை ஊதும் கருவியில் மாட்டும்போது, நீங்கள் யார் என்பதை அந்தப் பதிவுதான் முடிவுசெய்யும். எனவே இன்றைய வழக்கில் எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு, அடுத்த வழக்கு ஒன்று வந்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

சட்டம் சொல்வதை முதலில் பார்ப்போம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 185-ஆவது பிரிவுப்படி, 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கும் நிலையில் வண்டி ஓட்டுவது குற்றம். ஓட்ட முயல்வதும் குற்றம்தான். வண்டி நகர்ந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, முதல் குற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இரண்டாவது முறையும் அதற்குப் பிறகும் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். திருத்தத்துக்கு முன்பு இந்தத் தொகைகள் முறையே 2,000 ரூபாய் வரை, 3,000 ரூபாய் வரை என்று இருந்தன.

அபராதம் ஐந்து மடங்கானது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதே திருத்தத்தில் சத்தமில்லாமல் போன ஒரு வரியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பழைய சட்டத்தில், முந்தைய குற்றம் நடந்த மூன்று ஆண்டுக்குள் மறுபடியும் செய்தால்தான் அது 'இரண்டாவது குற்றம்'. மூன்று ஆண்டு தாண்டிவிட்டால் கணக்கு மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். அந்தக் காலவரம்பை எடுத்துவிட்டார்கள். இன்றைய வாசகத்தின்படி, 25 வயதில் பதிவான தண்டனை 45 வயதிலும் எண்ணிக்கையில் நிற்கும். பத்தாயிரத்தைக் கட்டிவிட்டுக் கிளம்புகிறவர் இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டு கிளம்பினால் போதும் என்பேன்.

எண் என்ன என்று பாருங்கள்

எந்த வழி என்று யோசிப்பதற்கு முன், கருவி தந்த துண்டுச்சீட்டில் என்ன எண் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 34 என்று வந்தவரும் 140 என்று வந்தவரும் சட்டப்படி ஒரே குற்றத்தைத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் முன்னால் இருக்கும் வழிகள் ஒன்றல்ல.

30 என்பது எவ்வளவு சிறிய அளவு என்பது குடிப்பவர்களுக்கே பெரும்பாலும் தெரிவதில்லை. 70 கிலோ எடையுள்ள ஆண் ஒருவர், 7 சதவீத ஆல்கஹால் உள்ள 650 மில்லி பீர் ஒன்றைக் குடித்தால் அவர் உடலுக்குள் போவது ஏறக்குறைய 36 கிராம் ஆல்கஹால். இரத்தத்தில் அது சுமார் 75 மில்லிகிராம் என்று வரும். உடல் மணிக்கு 15 மில்லிகிராம் வீதம் அதைக் கரைக்கிறது என்று வைத்துக்கொண்டால், 30-க்குக் கீழே இறங்க மூன்று மணி நேரம் ஆகும். 'ஒரே ஒரு பீர்' கணக்கு இது. 42.8 சதவீதம் உள்ள பிராந்தியில் 180 மில்லி குவார்ட்டர் என்றால் ஏறத்தாழ 61 கிராம். அளவு 125-ஐத் தாண்டும். இறங்க ஆறு மணி நேரத்துக்கு மேல். இரண்டு குவார்ட்டரை நள்ளிரவில் முடித்தவர் காலை ஏழு மணிக்கு அலுவலகம் கிளம்பும்போதும் 140, 150-இல் இருக்க வாய்ப்புண்டு. சாப்பாடு, எடை, உடல்வாகு ஆகியவற்றைப் பொறுத்து இந்த எண்கள் கூடும், குறையும். தூங்கி எழுந்தால் போய்விடும், குளித்தால் போய்விடும், காபி குடித்தால் போய்விடும் என்பதெல்லாம் கட்டுக்கதை. நேரம் ஒன்றுதான் அதைக் கரைக்கும்.

'நேற்று இரவுதான் குடித்தேன், இன்று காலை பிடித்துவிட்டார்கள், இது அநியாயம்' என்று வழக்காடக் கிளம்புகிறவர்களுக்காகத்தான் இந்தக் கணக்கைச் சொல்கிறேன். அநியாயம் ஒன்றும் இல்லை. அந்த வாதத்தை எந்த மாஜிஸ்திரேட்டும் காதில் போட்டுக்கொள்ளப் போவதில்லை.

சாலையோரத்தில் எடுக்கும் முடிவு

நீதிமன்றத்துக்கு முன்பே ஒரு முடிவை எடுக்க வேண்டியிருக்கிறது: ஊதுவதா, மறுப்பதா? மறுத்துவிட்டால் ஆதாரமே இருக்காது என்று நண்பர்கள் ஓதி அனுப்பியிருப்பார்கள். சட்டம் எழுதியவர்களுக்கும் இது தோன்றியிருக்கிறது. சீருடையில் உள்ள காவல் அதிகாரி, சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் 203-ஆவது பிரிவின்படி ஊதச் சொல்லலாம். மறுப்பவரிடம் மது அருந்திய அறிகுறி தெரிந்தால் பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம். காவல் நிலையத்தில் மருத்துவர் மூலம் இரத்த மாதிரி கேட்கலாம். அதற்கும் மறுத்தால், 205-ஆவது பிரிவின்படி அந்த மறுப்பே உங்களுக்கு எதிரான சூழ்நிலையாகக் கொள்ளப்படலாம். ஆக, ஊதியவருக்கு ஒரு எண். மறுத்தவருக்குக் கைது, மருத்துவப் பரிசோதனை, அதற்கு மேல் பாதகமான ஊகம். மறுப்பதில் எனக்கு ஒரு லாபமும் தெரியவில்லை.

ஆனால் கைதானவருக்குச் சட்டம் ஒரு பாதுகாப்பையும் வைத்திருக்கிறது. 202-ஆவது பிரிவின்படி, 185-இல் கைது செய்யப்பட்டவரை இரண்டு மணி நேரத்துக்குள் பதிவுபெற்ற மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். இல்லையென்றால் காவலிலிருந்து விடுவித்துவிட வேண்டும். எனவே கைதான நேரம், மருத்துவமனைக்குப் போன நேரம் இரண்டையும் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. கருவியில் வந்த எண் உண்மையிலேயே நம்ப முடியாததாக இருந்தால், அங்கேயே இரத்தப் பரிசோதனை வேண்டும் என்று கேட்டுவிட வேண்டும். மூன்று மாதம் கழித்து நீதிமன்றத்தில் போய்க் 'கருவி பழுது' என்று சொல்வதைவிட, அன்றிரவே கேட்டது ஆயிரம் மடங்கு கனமான வாதம்.

இன்னொரு 'வழி'யும் சாலையோரத்தில் பேசப்படும். அங்கேயே ஏதாவது கொடுத்து முடித்துக்கொள்வது. காவல் அதிகாரியே அபராதம் வாங்கிக்கொண்டு முடித்துவைக்கக்கூடிய குற்றங்களை 200-ஆவது பிரிவு பட்டியலிடுகிறது. அந்தப் பட்டியலில் 185 இல்லை. இது நீதிமன்றத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். ஆகவே கையில் கேட்கப்படும் பணம் அபராதம் ஆகாது. 2018 திருத்தத்துக்குப் பிறகு ஊழல் தடுப்புச் சட்டம் லஞ்சம் கொடுப்பவருக்கும் 7 ஆண்டு வரை சிறை என்கிறது. 6 மாதத்துக்குப் பயந்து 7 ஆண்டில் தலையைக் கொடுப்பதை என்னவென்று சொல்வது! குடிக்காத நண்பரை 'நான்தான் ஓட்டினேன்' என்று சொல்ல வைப்பதும் இதே ரகம். ஒருவருக்கு இருந்த வழக்கு இருவருக்கு ஆகும்.

பின்னால் உட்கார்ந்து வந்தவரும் கவனிக்க வேண்டும். 185-ஆவது பிரிவுக் குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை என்கிறது 188-ஆவது பிரிவு. 2022 அக்டோபரில் தமிழ்நாட்டில் புதிய அபராத விகிதங்கள் வந்தபோது, உடன் பயணம் செய்பவர்கள் மீதும் வழக்குப் பதிவோம் என்று சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை அறிவித்தது. 'நான் சும்மா பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன்' என்பவருக்கு, வழக்காட மற்றவர்களைவிட இடம் அதிகம் இருக்கிறது. உட்கார்ந்திருந்தது ஒன்றே உடந்தை ஆகிவிடுமா என்பது வாதிடத்தக்க கேள்வி. அவர் பத்தாயிரத்தை அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளத் தேவையில்லை.

ஒப்புக்கொள்வது

பெரும்பாலானோர் போகும் வழி இது. சம்மன் வந்ததும் மாஜிஸ்திரேட் முன்பு நின்று, குற்றத்தை ஒப்புக்கொண்டு, அபராதத்தைக் கட்டுவது. ஒரே நாளில் முடியும். வாய்தா வாங்கி அலைய வேண்டாம். பிடித்து வைத்த வண்டியை மீட்பதும் எளிதாகும். உண்மையிலேயே குடித்திருந்தவர், முதல் முறை பிடிபட்டவர், விபத்து எதுவும் நடக்கவில்லை, எண்ணும் மூன்று இலக்கத்தில் இருக்கிறது என்றால், என் கருத்தில் இதுதான் வழி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பூசி மெழுகுவதில்தான் வெட்கப்பட இருக்கிறது.

இதற்குக் கொடுக்கும் விலையைத் தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும். ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவருக்குப் பொதுவாக மேல்முறையீடு கிடையாது. தண்டனையின் அளவையோ அது சட்டப்படியானதா என்பதையோ மட்டும்தான் மேலே கேள்வி கேட்க முடியும். 'வழக்கறிஞர் சொன்னார், சரி என்று தலையாட்டிவிட்டேன்' என்பது பிறகு எடுபடாது. ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு விட்டுவிட வேண்டும் என்ற கட்டாயமும் நீதிமன்றத்துக்கு இல்லை. உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு, முதல் முறைக் குற்றத்துக்கே சிறைத் தண்டனை கோர வேண்டும் என்று 2015-இல் மாநிலங்களுக்கு எழுதியது. ஹைதராபாத்தில் மிக அதிக எண் வந்தவர்களுக்குச் சில நாள் சிறை என்பது புதுமையான செய்தி அல்ல. தமிழ்நாட்டில் அபராதத்தோடு முடிவதே அதிகம் என்றாலும், அது வழக்கம்தானே தவிர உரிமை இல்லை.

ஒப்புக்கொள்வதற்குள்ளேயே ஒரு கிளைப்பாதை இருக்கிறது. 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, முன்தண்டனை இல்லாத ஒருவரை எச்சரித்து அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. 2 ஆண்டுக்கு மேற்படாத சிறைக்குரிய குற்றங்களுக்கு அது பொருந்தும். அப்படி அனுப்பப்பட்டவருக்கு, தண்டனையோடு ஒட்டிவரும் தகுதியிழப்புகள் ஒட்டாது என்கிறது 12-ஆவது பிரிவு. காகிதத்தில் பார்க்க இது அருமையான வழி. நடைமுறையில் கிடைப்பது அரிது. வண்டி ஓட்டுவோர் விஷயத்தில் இந்தச் சலுகையைத் தாராளமாகக் கொடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் தல்பீர் சிங் வழக்கில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. அது உயிர்ப்பலி நடந்த வழக்கு. ஆனாலும் கீழ் நீதிமன்றங்கள் அந்தக் குரலை மறப்பதில்லை. மாணவர், வேலைக்கு ஆணை வந்து காத்திருப்பவர் போன்றோர் கேட்டுப் பார்க்கலாம். கேட்பதாக இருந்தால் முதல் வழக்கிலேயே கேட்க வேண்டும். முன்தண்டனை ஒன்று நிரூபணமாகிவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும்.

வழக்காடுவது

வழக்காடுவது மானப் பிரச்சினையாக இருக்கக் கூடாது. ஆதாரப் பிரச்சினையாக இருக்க வேண்டும். எண் 30-க்குச் சற்று மேலே, கருவியின் பிழை வரம்புக்குள் இருக்கிறதா? சோதனைக்கு முன் கருவி வெறும் காற்றில் பூஜ்யம் காட்டியதா? அளவுத்திருத்தம் கடைசியாக எப்போது செய்யப்பட்டது? துண்டுச்சீட்டில் உள்ள நேரம், கருவியின் வரிசை எண், வண்டி எண் எல்லாம் குற்றப்பத்திரிகையோடு ஒத்துப்போகின்றனவா? ஒரே ஊதுகுழலை மாற்றாமல் பலருக்கும் நீட்டினார்களா? வாய் கொப்பளிக்கும் திரவமோ, ஆல்கஹால் கலந்த இருமல் மருந்தோ சோதனைக்குச் சில நிமிடம் முன்பு வாயில் இருந்ததா? வாயில் தங்கிய ஆல்கஹால் கால் மணி நேரத்தில் பெரும்பாலும் போய்விடும் என்பதால், முதல் சோதனைக்கும் இரண்டாவது சோதனைக்கும் இடையே எண் சரிந்திருந்தால் அது பலமான வாதம்.

ஊதும் கருவியும் இல்லை, இரத்தப் பரிசோதனையும் இல்லை, 'வாயில் மது வாடை வீசியது, தள்ளாடினார், பேச்சு குழறியது' என்று மட்டும் எழுதியிருந்தால், வழக்காடாமல் ஒப்புக்கொள்வதுதான் தவறு. பச்சுபாய் ஹசனல்லி கர்யானி வழக்கில் 1971-இலேயே உச்ச நீதிமன்றம், வாடையும் தள்ளாட்டமும் குழறலும் மட்டும் ஒருவர் குடித்திருந்தார் என்பதை நிரூபிக்கப் போதாது என்று கூறிவிட்டது.

இவற்றில் ஒன்றுகூட இல்லாமல் வழக்காடினால் என்ன கிடைக்கும்? வாய்தாக்கள், வழக்கறிஞர் கட்டணம், ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் விடுப்பு, கடைசியில் அதே தண்டனை. வழக்கை இழுத்தடித்தால் காலாவதியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. ஓர் ஆண்டு வரை சிறைக்குரிய குற்றத்தை நீதிமன்றம் ஓர் ஆண்டுக்குள் கோப்பில் எடுக்க வேண்டும் என்பது உண்மை. அந்தக் கெடு காவல்துறைக்கானது. கோப்பில் எடுத்த பிறகு நீங்கள் எத்தனை வாய்தா வாங்கினாலும் அது உதவாது.

கிடப்பில் போடுவது

சம்மனைக் கண்டுகொள்ளாமல் இருப்பதையும் ஒரு வழியாகப் பலர் கருதுகிறார்கள். வழியே இல்லை. நீதிமன்றம் பிடியாணை பிறப்பிக்கலாம். நிலுவையில் உள்ள சலானோடு அரசின் போக்குவரத்துச் சேவைகளுக்கான பரிவாகன் இணையதளத்தில் உரிமம் புதுப்பித்தல், பெயர் மாற்றம் போன்ற பணிகள் தடைபடும். வண்டியை விற்கப் போகும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. 2023-இல் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை நிலுவைக்காரர்களைத் தொலைபேசியில் அழைத்து நினைவூட்டியதோடு, கட்டாதவர்களின் வண்டி உள்ளிட்ட அசையும் சொத்துகளைப் பறிமுதல் செய்ய நீதிமன்ற ஆணையும் பெறத் தொடங்கியது.

உரிமம்: தனி வழக்கு, தனிக் கதவு

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். நீதிமன்றத்தில் நடப்பது ஒன்று. ஓட்டுநர் உரிமத்துக்கு நடப்பது இன்னொன்று. 206-ஆவது பிரிவின் நான்காம் உட்பிரிவுப்படி, 185-ஆவது பிரிவுக் குற்றம் செய்ததாக நம்பக் காரணம் இருந்தாலே காவல் அதிகாரி உங்கள் உரிமத்தை எடுத்து ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்ப வேண்டும். தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கையில் ஒரு ஒப்புகைச் சீட்டு கொடுப்பார்கள். அந்தச் சீட்டை உரிமத்துக்குப் பதிலாகக் காட்டி ஓட்டலாம் என்று நினைத்தால், சட்டம் அதையும் வெளிப்படையாகத் தடுத்திருக்கிறது: உரிமம் திரும்பக் கிடைக்கும்வரை ஓட்ட அந்தச் சீட்டு அனுமதி தராது.

அடுத்து, 19-ஆவது பிரிவின்படி உங்கள் விளக்கத்தைக் கேட்ட பிறகு உரிமம் வழங்கும் அதிகாரி முடிவெடுப்பார். விளக்கம் ஏற்கத்தக்கதாக இருந்தால் விட்டுவிடலாம். இல்லையென்றால், முதல் குற்றத்துக்கு 3 மாதத் தகுதியிழப்பு. இரண்டாவது குற்றம் என்றால் உரிமமே ரத்து. 3 மாதம் முடிந்ததும் உரிமம் தானாகக் கைக்கு வராது. புத்தாக்கப் பயிற்சியை முடித்தால்தான் திருப்பித் தருவார்கள். ரத்து செய்யப்பட்டவரின் பெயரைப் பொதுவில் வெளியிடவும் சட்டம் இடம் தருகிறது.

எனவே 'வழக்காடினால் உரிமம் தப்பும்' என்று நினைத்து வழக்காடாதீர்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 3 மாதம் போய்விடலாம். மறுபக்கம், நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டுவிட்டு ஆர்.டி.ஓ. நோட்டீஸைக் குப்பையில் போடுவதும் தவறு. அந்த விசாரணைக்குப் போய், எழுத்து மூலம் விளக்கம் கொடுக்க வேண்டும். ஆணை பாதகமாக வந்தால், அது கையில் கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

இரண்டாவது முறை

இரண்டாவது முறைக்கான அபராதம் 15,000. முதல் முறையைவிட 5,000 ரூபாய்தான் அதிகம். இதை எழுதியவர்களின் கணக்கு எனக்கு விளங்கவில்லை. மாதம் லட்ச ரூபாய் சம்பாதிப்பவரை அந்த 5,000 என்ன செய்துவிடும்? உண்மையான ஏற்றம் மற்ற இரண்டில் இருக்கிறது: சிறையின் உச்சம் நான்கு மடங்காகிறது, உரிமம் 3 மாதத் தடையிலிருந்து முழு ரத்துக்குத் தாவுகிறது. நன்னடத்தைச் சட்டச் சலுகையும் போய்விடுகிறது.

அதனால் முதல் வழக்கில் நான் சொன்ன கணக்கு இங்கே தலைகீழாகிறது. முதல் முறை, ஆதாரம் பலமாக இருந்தால் ஒப்புக்கொள்வதே மேல். இரண்டாவது முறை, வழக்கறிஞர் ஒருவர் கோப்பைப் படித்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளவே கூடாது. முதலில் பார்க்க வேண்டியது, இது சட்டப்படி 'இரண்டாவது'தானா என்பது. கூடுதல் தண்டனை கேட்பவர்கள் முந்தைய தண்டனையை, எந்த நீதிமன்றம், எந்தத் தேதி என்று காட்டி நிரூபிக்க வேண்டும். முன்பு பிடிபட்டது வேறு, தண்டிக்கப்பட்டது வேறு. முந்தைய வழக்கில் விடுதலையாகியிருந்தால் அதைக் கணக்கில் சேர்க்க முடியாது. பெயர்க் குழப்பம், வண்டியின் பழைய உரிமையாளர் மீது இருந்த வழக்கு, இன்னும் முடியாத வழக்கைத் தண்டனையாக எழுதிவிடுவது போன்ற கோளாறுகளைத் தேட வேண்டிய இடம் இதுதான். தண்டனை உறுதி என்று தெரிந்தால், வாதத்தின் குறி சிறையைத் தவிர்ப்பதாக இருக்க வேண்டும். குடிநோய் சிகிச்சையில் சேர்ந்த மருத்துவமனைப் பதிவு, வண்டியை விற்றதற்கான ஆவணம் போன்றவை, மன்னிப்புக் கடிதத்தைவிட மாஜிஸ்திரேட்டின் கண்ணில் கனமாகப் படும்.

இரண்டாவது முறையாகப் பிடிபட்டவருக்கு வழக்கறிஞரைவிட மருத்துவர் அதிகம் தேவைப்படலாம். பத்தாயிரம் கட்டிய நினைவும் 3 மாதம் பஸ்ஸில் போன நினைவும் இருந்தும் மறுபடி சாவியை எடுத்தவரை, பதினைந்தாயிரம் தடுத்து நிறுத்தும் என்று நான் நம்பவில்லை.

விபத்து நடந்திருந்தால்

இதுவரை சொன்னதையெல்லாம் ஓரம் வையுங்கள். உயிர்ப்பலி இருந்தால் 185 வெறும் துணைப் பிரிவுதான். கவனக்குறைவால் மரணம் என்ற பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டம்) 106(1) பிரிவு 5 ஆண்டு வரை சிறை என்கிறது. மரணம் நேரும் என்று தெரிந்தே செய்த செயல் என்று கொண்டால் 105-ஆவது பிரிவு. 10 ஆண்டு வரை. 2006-இல் மும்பை பாந்த்ராவில் நடைபாதையில் தூங்கியவர்கள் மீது கார் ஏறி ஏழு பேர் இறந்த வழக்கில், குடித்திருந்த அலிஸ்டர் பெரைராவுக்கு விசாரணை நீதிமன்றம் கொடுத்தது 6 மாதம். உயர் நீதிமன்றம் அதைக் கொலையாகாத மரணம் விளைவித்தல் என்று மாற்றி 3 ஆண்டு விதித்தது. 2012-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. இந்த நிலையில் எதையும் ஒப்புக்கொள்ளும் முன் குற்றவியல் வழக்கறிஞரைப் பாருங்கள். அதற்கும் முன்னால், அடிபட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

நீதிமன்றத்துக்கு வெளியே வரும் பில்

காப்பீட்டு நிறுவனங்களுக்கு உங்கள் தண்டனைப் பதிவு தேவைகூட இல்லை. 2007-இல் டெல்லி இந்தியா கேட் அருகே போர்ஷே கார் ஒன்று மோதி எரிந்துபோனது. ஊதும் கருவிச் சோதனையோ இரத்தச் சோதனையோ நடக்கவில்லை. இருந்தும், சூழ்நிலைச் சான்றுகளைக் கொண்டே காப்பீட்டுத் தொகையை மறுக்கலாம் என்று பேர்ல் பெவரேஜஸ் வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றவியல் வழக்கில் சந்தேகத்தின் பலனைப் பெற்று விடுதலையானவரும் காருக்கான இழப்பீட்டை இழக்கக்கூடும். மூன்றாம் நபருக்கான நஷ்டஈட்டை நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு உங்களிடம் வசூலிக்க நீதிமன்றங்கள் உத்தரவிடுவதும் உண்டு.

வெளிநாடு போகும் எண்ணம் உள்ளவர்களுக்கு ஒப்பீட்டின் எடையே மாறிவிடும். கனடா 2018 டிசம்பர் 18 முதல் போதையில் வண்டி ஓட்டுவதற்கான உச்ச தண்டனையை 10 ஆண்டாக உயர்த்தியது; அதனால் வெளிநாட்டில் பெற்ற ஒரே தண்டனையும் நுழைவுக்குத் தடையாகலாம். அங்கே வரம்பு 80 மில்லிகிராம் என்பதால், உங்கள் எண் 45-ஆ 145-ஆ என்பதற்கு அங்கே பொருள் உண்டு. அமெரிக்க விசாவுக்கான டிஎஸ்-160 படிவம் கைது, தண்டனை இரண்டையும் கேட்கிறது. கடந்த 5 ஆண்டுக்குள் இப்படி ஒரு வழக்கு இருந்தால் தூதரகம் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பலாம். கல்லூரி முடித்து வெளிநாட்டுச் சேர்க்கைக்குக் காத்திருக்கும் பையன், எண் 36, துண்டுச்சீட்டில் நேரம் தெளிவாக இல்லை என்றால், பத்தாயிரத்தைக் கட்டி முடித்துவிடலாம் என்று அப்பா அவசரப்படக் கூடாது.

கால்டாக்சி, லாரி, பஸ் ஓட்டுநருக்கு 3 மாதத் தடை என்பது 3 மாத வருமானம். அவருக்கு நீதிமன்ற அபராதத்தைவிட ஆர்.டி.ஓ. விசாரணைதான் பெரியது. கையில் உள்ள பணத்தில் ஒரு வழக்கறிஞரை ஒரே இடத்துக்குத்தான் அழைத்துப் போக முடியும் என்றால், நான் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கே அழைத்துப் போகச் சொல்வேன். எந்த வழியில் முடிந்தாலும், தீர்ப்பின் சான்றிட்ட நகலையும் அபராத ரசீதையும் வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். பல ஆண்டு கழித்து 'முந்தைய தண்டனை' என்று யாராவது ஒரு வழக்கு எண்ணை எழுதிக்கொண்டு வந்தால், அது உங்கள் வழக்குதானா என்று சரிபார்க்க அந்தக் காகிதங்கள்தான் கையில் இருக்கும்.